பூக் கேட்ட வேலை நிறுத்தம்

மில்லில் பாதுகாப்பு வாரம் வருகிறது என்று கேள்விப்பட்டு, பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. பதிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிரம்பிவிட்டது, நன்றி என்ற அந்த வாசகத்தை அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். வேலை கேட்டு வந்தவர்களுக்கும் சங்கம் பேச வந்தவர்களுக்கும் இருபத்தாறு வருடம் அதையே அனுப்பினேன். இப்போது எனக்கே வந்திருக்கிறது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

மேடை கிடைக்காததால் நம் இதழில் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இப்போது எச்.ஆர். என்று பெயர். எங்களுக்கு பர்சனல் ஆபீசர் என்று பெயர். தொழிலாளர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'லெட்டர் குடுக்கறவர்'. மூன்றில் அதுதான் சரியான பெயர் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

விசாரணை எப்படி நடத்துவது, அறிவிப்பை எத்தனை நாளுக்கு முன் கொடுப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. சட்டங்களின் பெயர் மாறிவிட்டது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. உங்கள் கைபேசி என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் சொல்லப்போவது எந்தச் சட்டத்திலும் எந்தப் பிரிவிலும் இல்லாத ஒரு குற்றத்தைப் பற்றி. அதைச் செய்தவன் நான். விசாரித்திருந்தால் நானே நடத்தியிருப்பேன், நன்றாகவே நடத்தியிருப்பேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய நூல் மில் அது. ஒரு காலை ஷிப்டில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் அர்த்தநாரி என்ற தொழிலாளிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். பதினெட்டு வருடம் அந்த மெஷின்களோடு இருந்தவர். அதிகம் பேசாதவர். அவருடைய கோப்பில் அதுவரை இருந்தவை இரண்டு விடுப்பு விண்ணப்பங்கள் மட்டும். இரண்டும் சம்பந்தி வீட்டு விசேஷம்.

விஷயம் இதுதான். கார்டிங் மெஷினின் முன்பக்க மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அதற்கென்று மூடிக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பஞ்சு அடைத்தால் மூடியைத் திறப்பார்கள், மெஷின் நிற்கும், பஞ்சை எடுத்துவிட்டு மூடுவார்கள். அந்த வாரம் அடிக்கடி அடைத்தது, அடிக்கடி நின்றது, உற்பத்தி குறைந்தது. முந்தின ஷிப்டில் உற்பத்தியைக் கவனிக்கும் ஸ்பின்னிங் மாஸ்டர் சொல்லி, மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர் அந்த சுவிட்சில் கம்பியைச் சொருகி, மூடி எப்போதும் மூடியே இருப்பதாக மெஷினை நம்பவைத்துவிட்டார். மெஷின் நம்பிவிட்டது. அர்த்தநாரிக்கு யாரும் சொல்லவில்லை. மூடியைத் திறந்தார், பழகின மாதிரி கையை வைத்தார்.

அவரைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் கம்பி கழற்றப்பட்டது. நான் அதைப் பார்த்தேன். மாஸ்டர் மேசையின் மேல், சுருட்டி, பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்த்தபோது சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது. அவரும் ஒழுங்காக எழுதிக்கொண்டு போனார்.

காயம்பட்டவர் மேலேயே குற்றப் பத்திரிகை கொடுப்பது நம் தொழிலில் பழைய வைத்தியம். யார் மேல் தப்பு என்ற கேள்வி எழும்போது, அதற்கு முன்பே ஒரு பதில் கோப்பில் இருக்க வேண்டும். எங்கள் சேலத்து வக்கீல் சொல்வார், கோப்பு சுத்தமாக இருந்தால் மனசு சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று. நான் உட்கார்ந்து எழுதினேன்: ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் பாதுகாப்பு விதிக்கு மாறாகக் கையை நுழைத்து, தனக்குக் காயத்தையும் நிறுவனத்துக்கு உற்பத்தி இழப்பையும் ஏற்படுத்தினார். அதை நன்றாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கம்பி மட்டும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவர், இடது கையால் வாங்கியிருக்கிறார்.

மில்லில் இருந்த சங்கத்துக்கு நூல் நூற்கும் ரிங் பிரேமில் வேலை செய்த செல்லமுத்து செயலாளர். குரலை உயர்த்தாத ஆள், அதனாலேயே ஆபத்தானவர். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மேசையில் வைத்தார்.

"ஏனுங்க சார், கை போனவனுக்கு லெட்டர் போட்டிருக்கீங்க. கை எடுத்த மெஷினுக்கு ஒரு லெட்டர் போடக் கூடாதுங்களா?"

விதிமுறைப்படி நடவடிக்கை என்றேன். அவர் சிரித்தார். குற்றப் பத்திரிகையைத் திரும்பப் பெற வேண்டும், மெஷினை வெளியாள் வைத்துச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிறுத்தம் என்று நோட்டீஸ் வந்தது. கம்பியைப் பற்றி அரசல்புரசலாகப் பேச்சு இருந்தது. பார்த்ததாகச் சொல்ல யாரும் இல்லை. பிட்டரை அதற்குள் விடுப்பில் அனுப்பியிருந்தோம்.

நிர்வாகத்துக்குக் கவலையாக இருந்தது. ஆனால் தொழிலாளர்களுக்கும் கவலைதான். சாலையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பூட்டின மில்கள் இருந்தன. அவற்றின் வாசலில் முளைத்திருந்த எருக்கஞ்செடியைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டுதான் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். பாதிப் பேர் நிறுத்தியே ஆகோணும் என்றார்கள். பாதிப் பேர் பேசிப் பார்க்கலாம் என்றார்கள். கூட்டத்தில் ஒருவரையொருவர் முதலாளி ஆள், பயந்தாங்கொள்ளி, வாய்ச்சவடால் என்று வைதுகொண்டார்கள். சங்கம் இரண்டாகும் நிலைமை. அப்போது யாரோ சொன்னார்கள், கருப்பணாரிடம் பூக் கேட்கலாம் என்று.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதா, பெண் கொடுப்பதா, திருவிழா போடுவதா என்று முடிவுக்கு வர முடியாதபோது சாமியிடம் பூக் கேட்பார்கள். இரண்டு பொட்டலம் கட்டி, ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி வைத்து, சாமி முன்னால் போடுவார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்தப் பூவோ அந்தப் பதில். மில் கேட்டுக்கு எதிரில் கருப்பணார் கோயில். பொட்டலம் கட்டுவது அதன் பூசாரி. வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் மாறும் நேரம் கேட்பது. சிவப்பு வந்தால் வேலை நிறுத்தம், வெள்ளை வந்தால் வேலைக்குப் போவது, விசாரணையை அதன் போக்கில் விடுவது என்று முடிவானது.

எம்.ஏ. படித்து, தொழிலாளர் சட்டத்தில் பட்டயமும் வாங்கியிருந்த எனக்கு அது அன்று வேடிக்கையாக இருந்தது. யாரும் யாரிடமும் தோற்காமல் ஒரே பக்கம் நிற்பதற்கு அந்த மனிதர்கள் கண்டுபிடித்த வழி அது என்று புரியச் சில வருடம் ஆயிற்று. வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் தோற்ற பாதி மறுநாள் உடைந்துபோயிருக்கும். பூவுக்குத் தோற்பதில் யாருக்கும் வெட்கமில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலாளி அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். ஏற்றுமதிச் சரக்கு ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவர் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அலுப்பு. என் வாய் எப்போதும் கொஞ்சம் கோணல். "பூவுக்கு என்னங்க, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையையே வெச்சுட்டா முடிஞ்சுது" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலில் கிடந்த மோதிரத்தைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தார்.

"பூசாரி பொண்ணு நம்ம வைண்டிங்ல தானுங்களே இருக்குது?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நீங்களே பேசிருங்க."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை அதைவிடச் சின்னது. அத்தனை வருடத்தில் என் யோசனை ஒன்றை முதலாளி உடனே ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களுக்குக் கிண்டல் பேசும் வழக்கம் இருந்தால் அதிகாரம் உள்ளவர்கள் அறையில் அதை விட்டுவிடுங்கள். அவர்கள் கிண்டலை உத்தரவாக மாற்றி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்.

பூசாரி வீட்டுக்கு நானே போனேன். அவர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துத்தான் பேசினேன். மகளின் வேலையைப் பற்றி விசாரித்தேன், நன்றாகச் செய்கிறாள் என்றேன், நிரந்தரம் ஆக வேண்டிய நேரம் வருகிறது என்றேன். பிறகு மில் நின்றால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னேன். மிரட்டல் எதுவும் இல்லை. தகவல்தான். கடைசியில் பொட்டலத்துக்கு வந்தேன். அவர் கையில் இருந்த தழையைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, சாமிகிட்டயேங்களா?"

அவர் ஆட்டைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார்.

"சரி, கட்டறேனுங்க. ஆனா கேட்டது நீங்கதான்னு சாமிகிட்ட சொல்லிப்போடுவேன்."

சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த விலாசத்திலிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வராது என்ற தைரியம்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஷிப்ட் ஆட்களும் கோயில் முன்னால் நின்றார்கள். அர்த்தநாரியும் வந்திருந்தார், கையை ஒரு துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால். பக்கத்தில் அவர் மனைவி பாப்பாத்தி. அர்த்தநாரிக்காகத்தான் இந்தப் பூ, ஆனால் அவரை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. சம்பந்தமில்லாத ஆள் வேண்டும் என்று, டீக்கடையில் நிறுத்தியிருந்த முட்டை லாரியின் டிரைவரைக் கூட்டிவந்தார்கள். என்னங்க விசேஷம் என்று அவர் கேட்டார். ஒண்ணுமில்லீங்க, கண்ணுல படறதுல ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டுப் போங்க என்றார் செல்லமுத்து. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கும்பிட்டு, இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். டீ ஆறிவிடும் என்ற அவசரத்தில் போனார்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

மற்ற பொட்டலம் அவர் இடுப்பு வேட்டி மடிப்புக்குள் போனதை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் அதைப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பூவைப் பார்த்தார்கள்.

செல்லமுத்து கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்தார். "சரி, சொல்லிருச்சு. வேலைக்குப் போலாம் வாங்க" என்றார். கூட்டம் கலைந்தது. அன்று ஷிப்ட் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியதாகக் குறித்துக்கொண்டேன். கூட்டம் போன பிறகும் அர்த்தநாரி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். துண்டிலிருந்து கையை எடுத்துக் கட்டைப் பார்த்தார். மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

அவர் உடல் தகுதிச் சான்றோடு திரும்பி வந்ததும் விசாரணை. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீல், நிர்வாகத்தின் தரப்பில் நான். பதினோரு ஆவணம், மூன்று சாட்சி தயாராக வைத்திருந்தேன். உதவிக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தநாரியிடம் சொன்னோம். வேண்டாம் என்றார். குற்றச்சாட்டைத் தமிழில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டிய வக்கீல், ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இல்லை என்று வந்ததும் எழுத வேண்டிய அடுத்த வரிக்கு அவர் பேனா தயாராக இருந்தது.

"ஒத்துக்கறேனுங்க."

வக்கீல் நிமிர்ந்தார். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. நா பாத்துத்தான் கைய வெச்சேன்னு நெனச்சுட்டிருந்தேன். மெஷின் ஏன் நிக்கலைன்னு படுத்துக் கெடந்து ரோசனை பண்ணிப் பண்ணிப் பாத்தேன். அப்பறம் பூக் கேட்டாங்க. எம்பக்கம் நாயம் இருந்திருந்தா செவப்பு வந்திருக்கோணுமுங்களே. வெள்ளை வந்துருச்சு. அப்ப நாந்தான் எங்கியோ பாக்காம இருந்திருக்கேன்."

எவ்வித வற்புறுத்தலும் இன்றி, தன் சுய விருப்பத்தின் பேரில், என்று வக்கீல் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார்கள். கருப்பணார் பதிவில் இடம்பெறவில்லை. பதினோரு ஆவணமும் உறையை விட்டு வெளியே வரவில்லை. என் வாழ்நாளில் நான் நடத்தியதிலேயே சுத்தமான விசாரணை அதுதான்.

பிறகு கையெழுத்து. வலது கையில் பேனா நிற்கவில்லை. இடது கையால் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. தாள் நகர்ந்துகொண்டே இருந்தது. வலது கையை அவர் மறுபடி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தாளைப் பிடித்திருந்தபோது நான் ஒன்று செய்திருக்கலாம். வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்று மதியமே மில் நின்றிருக்கும், பூசாரியை ஊரில் இருக்க விட்டிருக்க மாட்டார்கள், என் பெயரை இந்த நெடுஞ்சாலையில் எந்த மில்லும் எடுத்திருக்காது. இந்த மூன்றையும் ஒரு நிமிடத்தில் எடைபோட்டேன். நெருக்கடியில் விரைந்து முடிவெடுப்பது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். விரைந்து எடுத்தேன். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். முதலாளியிடம் போய், வேலையை விட்டு நீக்கினால் ஆபத்து என்றேன். முழுதாக ஒப்புக்கொண்டானே, என்ன ஆபத்து என்றார். கையெழுத்தைக் காட்டினேன். கோப்பில் இருக்கும் பழைய கையெழுத்தோடு இது சேராது. நாளைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில், இது இவருடைய கையெழுத்தே இல்லை என்று எவராவது சொல்வார். ஏன் மாறியது என்று கேட்பார்கள். கை எங்கே போனது என்று கேட்பார்கள். எந்த மெஷின், எந்த சுவிட்ச் என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் அந்தக் கம்பியில் போய் நிற்கும் என்றேன். முதலாளி மறுபடி மோதிரத்தைத் திருகினார். எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அர்த்தநாரிக்கு கேட்டில் ஆள் வருகை பார்க்கும் வேலை கொடுத்தோம். மாஸ்டரின் மேசையிலிருந்த கம்பி திரும்ப எந்த மெஷினுக்கும் போகாமல் பார்த்துக்கொண்டேன். நல்ல மனது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு கை போனால் கருப்பணாரை இரண்டாவது தடவை பயன்படுத்த முடியாது.

அவருடைய வேலையைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தப்பை அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கேட் வழியாகப் புதிதாக உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் கையைக் காட்டி, பாக்காம வெச்சேன் சாமி, நீங்க பாத்து வைங்க என்பார். இதை ஒரு மேலாளர் கவனித்து, பாதுகாப்பு வாரத்தில் அவரை மேடையேற்றலாம் என்றார். ஏற்பாடு செய்ய வேண்டியது என் பொறுப்பு. செய்தேன். வருடா வருடம் அர்த்தநாரி வெள்ளைச் சட்டை போட்டு வந்து, ஒலிபெருக்கி முன்னால் வலது கையைத் தூக்கிக் காட்டி, இது என் தப்பு என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு எவர்சில்வர் பாத்திரம் பரிசு கொடுத்தோம். பன்னிரண்டு வருடம். நான் ஓய்வு பெற்ற பிறகும், அவர் ஓய்வு பெற்ற பிறகும் அழைத்தார்கள்.

போன வருடம் என்னையும் விருந்தினராக முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு பயிற்சிப் பெண் எழுந்தாள். எடப்பாடிப் பக்கம் என்று பிறகு தெரிந்தது. சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"ஏனுங்கய்யா, மூடியத் தொறந்தா மெஷினு நிக்கோணுமுல்லங்க. அன்னைக்கு ஏன் நிக்கல?"

பன்னிரண்டு வருடத்தில் அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி. அர்த்தநாரி ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். சட்டம் தெரிந்தவர், படித்தவர், பதில் இருக்கும் என்ற எண்ணமாக இருக்கலாம். நான் தலையைக் குனிந்து அழைப்பிதழைப் படித்தேன். "அது தெரியலீங்க கண்ணு. என் தப்புதான்" என்றார். நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

அவர் வீட்டுக்குப் போக எனக்கு அதற்குப் பிறகும் பத்து மாதம் பிடித்தது. பூசாரி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எனக்கு முன்னால் போய்ச் சாமியிடம் சொல்லியிருப்பார்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் அவர் வீடு. பாப்பாத்தி மோர் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். கம்பியிலிருந்து தொடங்கி இரண்டாவது பொட்டலம் வரை, வரிசையாக, எதையும் விடாமல். அறிக்கை எழுதிப் பழகியவன், வரிசை தப்பாது.

முதலில் பேசியது பாப்பாத்தி.

"கண்ண எங்க வெச்சுட்டுக் கைய உட்டீங்கன்னு எத்தனை வைஞ்சிருப்பேன் நானு. ஊட்டுல ஒரு பாத்திரம் கீழ உழுந்தாலும் அதைச் சொல்லித்தானுங்க வெய்வேன். ஒரு நாள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை இந்த மனுசன்."

என் கையிலிருந்த டம்ளரை, மோரோடு, வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு வெளியே வரவில்லை. உள்ளே எவர்சில்வர் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக உருளும் சத்தம் கேட்டது. எந்தப் பாத்திரங்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் வாங்கினேன்.

அர்த்தநாரி வைவார் என்று நினைத்தேன். வைதிருந்தால் எனக்கு வீட்டுக்குப் போக சுலபமாக இருந்திருக்கும்.

"இந்த வருசமும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காங்க. நா போகலீங்க. நீங்க போங்க" என்றார்.

போகிறேன் என்றேன். அதற்குத்தான் கடிதம் எழுதினேன். பதில் வந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வண்டியைக் கிளப்பப் போனபோது அவர் பின்னாலேயே வேலிப் படல் வரை வந்தார். இடது கையால் படலைத் திறந்துவிட்டார். ஏதோ கேட்க நினைத்துத் தயங்குவது தெரிந்தது. நஷ்டஈடு, வழக்கு, மேல்முறையீடு என்று எதையாவது கேட்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கால வரம்பு முதற்கொண்டு.

"ஏனுங்க சார், பொட்டலத்த ஒழுங்காக் கட்டியிருந்தா செவப்பு வந்திருக்குங்களா?"

"தெரியலீங்க அர்த்தநாரி" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"அப்ப அன்னைக்கு எனக்காக யாரும் சாமியக் கேக்கவே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, படலைச் சாத்திக்கொண்டார்.